பித்தளை வில்லைகள்

சுதந்திரம் வந்த புதிதில், சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைக்க ஒரே வழிதான் இருந்தது. விடிந்ததும் வாசலில் கூட்டத்தோடு நிற்க வேண்டும். சரக்கு இறக்கும் கம்பெனியின் மேஸ்திரி உச்சிமாகாளி ஒரு மரப்பெட்டி மேல் ஏறி, பித்தளை வில்லைகளைக் கை நிறைய அள்ளிக் கூட்டத்துக்குள் வீசுவான். வில்லை அகப்பட்டவனுக்கு அன்றைக்கு வேலை. அகப்படாதவன் வந்த வழியே திரும்பலாம்.

ராயபுரம் பொன்னுரங்கம் அப்படித் திரும்பியது அபூர்வம். நல்ல உயரம், கதவு மாதிரி மார்பு. அவன் எம்பினால் சுற்றி நிற்பவர்கள் தாமாகவே விலகுவார்கள். மேஸ்திரியும் அவன் நிற்கிற பக்கம் பார்த்துத்தான் வீசுவான். இவனைப் போல ஒருத்தன் உள்ளே போனால் இரண்டு ஆள் வேலை நடக்குமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபத்துப் பக்கம் துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக் கூட்டம். கருணாகரன் பேசினான். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சங்க வேலைக்கு வந்தவன். பேச்சுக்கு நடுவே சோஷலிசம் என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. பொன்னுரங்கம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அண்ணாத்தே, அத்தையே சொல்லிகினு கீறியே, சோஷலிசம்னா இன்னா? எங்களுக்குப் புரியிறாப்புல சொல்லு."

கருணாகரன் கோபப்படவில்லை. "ஆயிரம் பேர் உழைப்புல ஓடுற ஒண்ணு, ஒரு சிலர் பிடியில இருக்கக் கூடாது. ஆலையானாலும் சரி, ஹார்பரானாலும் சரி. அது எல்லாருக்கும் பொது. அதுல வர்ற பலனும் எல்லாருக்கும். முழுசா அது வர ரொம்ப நாளாகும். நாம முதல்ல வேலையில இருந்து ஆரம்பிப்போம். வில்லை வீசக் கூடாது. எல்லார் பேரையும் பதிஞ்சு, முறை வச்சு வேலை கொடுக்கணும்."

"அப்போ நானும், அதோ இருமிகினு குந்திகினு கீறானே, அவனும் ஒண்ணா? என் தோளும் பொதுவா நைனா?"

கூட்டம் சிரித்தது.

"தோள் உன்னுதுதான். அந்தத் தோளால பக்கத்துல நிக்கிறவனை இடிக்க வச்சது யாரு?"

பொன்னுரங்கத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. துண்டை உதறிக்கொண்டு கிளம்பினான். கூடவே தண்டையார்பேட்டை தாவூது வந்தான். கோதுமை மூட்டையை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கும் ஜோடி அவர்கள்.

"நீ இன்னா பாய் சொல்றே?" என்றான் பொன்னுரங்கம்.

"எனக்கு அந்த முறை வேணும்பா. உன்னை மாதிரி ஒசரமாவா கீறேன் நானு?"

அந்த வாரம் பேய்மழை. வெளியே நின்ற கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. மழை விட்ட அன்று ஒரே ஒரு கப்பல் வந்தது. வில்லைகள் கொஞ்சம்தான், வாசலிலோ வழக்கத்தைவிடக் கூட்டம். பல வீடுகளில் அடுப்பு எரியாத நாள் அது. உச்சிமாகாளி கையை ஓங்கியதும் பொன்னுரங்கம் எம்பினான். முழங்கை யார் மார்பிலோ மோதியது. வில்லை உள்ளங்கைக்கு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், கீழே கிடந்தவன் தாவூது. அவனுடைய வலது மணிக்கட்டை மிதித்துக்கொண்டு கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"வில்லை வச்சிருக்கவன்லாம் உள்ள வாங்கடே! இல்லேன்னா அடுத்தவனுக்குப் போயிரும்" என்று மேஸ்திரி கத்தினான்.

பொன்னுரங்கம் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு உள்ளே போய்விட்டான். அன்று முழுக்க வேறொருவன் மறுமுனையைப் பிடித்தான்.

வேலை முடிந்ததும் நேராகத் தாவூது வீட்டுக்கு நடந்தான். மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவன் மனைவி ஜஹானாரா வாசலில் நின்றவள் வழிவிடவில்லை.

"வுடு புள்ள, வரட்டும்" என்றான் தாவூது உள்ளேயிருந்து.

பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்தான். "நான்தான் பாய் இடிச்சேன்."

"தெரியும். உன் முழங்கை எனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும் பலம் இருந்தா நானும் உன்னை இடிச்சிருப்பேன். அந்தாளு மேல நின்னுகினு பாக்குறான், நாம கீழ முட்டிக்கிறோம்."

"இவரு சொல்லுவாரு அண்ணே" என்றாள் ஜஹானாரா. "எனக்கு அவ்ளோ பெரிய மனசு இல்ல. நாளைக்கி யாரு இந்த வூட்டுக்கு அரிசி கொணாருவாங்க? நீ சொல்லு."

மறுநாள் காலை சங்கத்து வாசலில் கருணாகரன் வருவதற்கு முன்பே பொன்னுரங்கம் காத்திருந்தான்.

வில்லையைத் தொடுவதில்லை என்று சங்கத்தில் முடிவான மறுநாள் காலை, உச்சிமாகாளி வழக்கம்போல வீசினான். பித்தளை கல்தரையில் விழுந்து கலகலவென்று சிதறியது. ஒருவரும் குனியவில்லை. மேஸ்திரி இன்னொரு கை வீசினான். அவையும் கிடந்தன. அவன் இறங்கி வந்து பொன்னுரங்கத்தின் காதோடு பேசினான்.

"ஏ பொன்னுரங்கம், ஒனக்கு எதுக்குடே இந்தக் கழுதைகளோட சகவாசம்? கம்பெனியில சொல்லி நிரந்தர வேலை வாங்கித் தாரேன். வீசுறதும் வேண்டாம், பிடிக்கிறதும் வேண்டாம். உள்ள வா."

நிரந்தர வேலை! கால்கள் ஒருகணம் உள்ளே போகத்தான் துடித்தன. அதைப் பின்னாளில் அவன் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு, "எல்லாருக்கும் வேலை குடு மேஸ்திரி, வரேன்" என்று சத்தமாகவே சொன்னான்.

வேலைநிறுத்தம் நீண்டது. வீட்டில் அவன் மனைவி சீனியம்மாள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பிறந்த ஊர் எண்ணூர் ஆற்றங்கரையில் மீனவர் வாழும் நெட்டுக்குப்பம். அண்ணன் வீட்டுக்குப் போய் இறால் கொண்டுவந்துதான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள்.

"உங்க ஆத்துல மட்டும் முறை இல்லியா?" என்றான் அவன். "இன்னிக்கு ஒரு குப்பம், நாளைக்கு வேற குப்பம்னுதானே வலை போடுறாங்க?"

"அங்க எல்லாம் மாமன் மச்சான். வுட்டுக் குடுத்தாலும் சொந்தத்துக்குத்தான் போவுது. இங்க உனக்கு யாரு சொந்தம்? ஊரு பேரு தெரியாதவனுக்கு உன் வேலைய வாரிக் குடுக்கிறே. இது இன்னா பேஜாரு!"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவனுக்குத் தாவூதின் மணிக்கட்டுதான் கண்ணுக்குள் நின்றது.

கடைசியில் கம்பெனிகள் இறங்கி வந்தன. பெயர்கள் பதிவாயின, முறைப்படி அழைப்பு வந்தது. அதற்குமேல் எதுவும் மாறவில்லை. கம்பெனிக்காரன் கம்பெனிக்காரனாகவே இருந்தான், கூலியும் பெரிதாக ஏறவில்லை. தாவூதின் கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. ஆனாலும் மூட்டை தூக்கும் கொக்கியைப் பிடிக்க முடிந்தது, அவன் முறை வந்தபோது அவனைக் கூப்பிட்டார்கள். ஜஹானாரா மட்டும் வெகுகாலம் பொன்னுரங்கத்திடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

பொன்னுரங்கத்துக்கோ வேலை நாட்கள் குறைந்துபோயின. முதல்தடவை முறை இல்லாத அன்று, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் துறைமுக வாசலுக்கே போய்விட்டான். ஆட்கள் தரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு, சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நரைத்த தலையும் கூனல் முதுகுமாக ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, யாரையும் தொடாமல், யாரும் தொடாமல், நடந்து உள்ளே போனார். பொன்னுரங்கத்துக்கு வயிறு எரிந்தது. கூடவே, அவர் நடந்த நடையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டும் நின்றான்.

வெறுங்கையோடு வந்தவனைச் சீனியம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்கு உன் வேலை யாருக்குப் போச்சு?"

"ஒரு பெரியவரு. பேரு சொல்லித்தான் கூப்ட்டாங்க. கவனிக்கல."

"அந்த வூட்ல இன்னிக்கு சோத்துக்கு ஒல வச்சிருப்பாங்க" என்றாள். கிண்ணத்தை எடுத்து வைத்து, "அடுத்தவாட்டி பேரையாவது கேட்டுக்கினு வா" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஊற்றினாள்.