பூட்டிய கதவுக்கு உள்ளே

"ஒன்னே ஒன்னு குடுங்க, போதும். சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்து வெச்சிடறேன்" என்று மறுபடியும் கேட்டாள் மாத்லென். கல்லறை மண் இன்னும் அவள் செருப்பில் அப்பியிருந்தது. மீன்வளத் துறைக் கிடங்கின் கம்பிக் கதவை ஒரு கையால் பிடித்திருந்தாள். உள்ளே அவள் புருஷன் ஆம்ப்ரோஸின் சிங்கி இறால் கூண்டுகள், கட்டிய கயிறுகூட அவிழாமல், அடுக்கிக் கிடந்தன.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற இளம் அதிகாரி நல்ல மாதிரி. அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டான். அதுதான் அவளுக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருப்பாள்.

"உங்க வீட்டுக்காரர் தவறினதுக்கு ரொம்ப வருத்தப்படறேன்மா. ஆனா கேஸ் முடியற வரைக்கும் இதெல்லாம் சாட்சிப் பொருள். எடுத்துத் தர எனக்கு அதிகாரம் இல்ல."

"யார் மேல கேஸு? அவரைப் பொதைச்சிட்டுத்தான் வரேன்."



கனடாவின் பூர்வகுடிகளான மிக்மாக் ஆட்கள் பிழைப்புக்கு வேண்டிய அளவு பிடித்து விற்றுக்கொள்ளலாம் என்று பெரிய கோர்ட்டே சொல்லி வெகுகாலம் ஆகிறது. எவ்வளவு, எப்போது என்பதை மட்டும் எவரும் முடிவாகச் சொல்லவில்லை. அதனால் எவ்வளவு பிடித்தாலும் தப்பு, எப்போது பிடித்தாலும் தப்பு. ஆம்ப்ரோஸ் வாசலில் ஒரு பலகை மாட்டி, சாலையில் போகிற கார்க்காரர்களுக்கு இறால் விற்றுவந்தார். அதில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. இது சீசன் இல்லை என்று சொல்லி, கோடை முடிகிற சமயத்தில் கூண்டுகளை அதிகாரிகள் அள்ளிப்போனார்கள். அதன்பின் அவர் படகுத்துறைப் பக்கம் போகவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் ஒரு மத்தியானம் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் இதயம் என்றார். மாத்லெனும் அதை மறுக்கவில்லை.

இன்று சலிதே. அடக்கம் முடிந்ததும் ஊர் கூடிச் சாப்பிட்டு, இறந்தவரின் பொருள்களை ஏலம் விடுவார்கள். சவப்பெட்டிச் செலவு அதில் தேறும். அதைவிட, இன்னார் வாழ்ந்தார் என்பதற்கு ஊரில் வீட்டுக்கு ஒரு பொருள் போய்ச்சேரும். கூண்டுகளை விட்டால் ஆம்ப்ரோஸுக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? ஒன்றாவது அந்த ஏல மேசைமேல் இருக்கவேண்டும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

சாலையோரம் வண்டியில் காத்திருந்த கொழுந்தன் கேப்ரியல், அவள் வெறுங்கையோடு வருவதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

மண்டபத்தில் விலாங்குக் குழம்பும் ரொட்டியும் தீர்ந்ததும் ஏலம் தொடங்கியது. ஏலக்காரன் கேப்ரியல்தான். அண்ணனின் ரப்பர் பூட்ஸைத் தூக்கிப் பிடித்தான்.

"ஓட்டை ஒரு கால்லதான். இன்னொன்னு புதுசு மாதிரி. ஒத்தைக் கால்காரங்க யாராச்சும் இருந்தா முன்னாடி வாங்க."

சிரிப்பு எழுந்தது. பூட்ஸ் போயிற்று, ரேடியோ போயிற்று. கெட்டிலை ஏலத்தில் எடுத்த பெண் அதைத் திரும்ப மேசையிலேயே வைத்தாள், அது இன்னொரு முறை விலைபோயிற்று. குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் சேரட்டும் என்று செய்கிற வழக்கம்தான். பிறகு மேசை காலியாகிவிட்டது. கேப்ரியல் அண்ணியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

கேப்ரியல் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "அடுத்தது அண்ணனோட கூண்டுங்க. இங்க இல்ல. எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். யாரு கேக்கறீங்க?"

பின்வரிசையில் வில்ஃபிரட் கை தூக்கினார். ஆம்ப்ரோஸோடு ஒரே துறையில் படகு கட்டியவர். எந்த இடத்தில் யார் கூண்டு இறக்குவது என்று இருவருக்கும் ஆயுள் முழுக்கச் சண்டை.

"நான் கேக்கறேன். கூண்டு வாயை எப்பவும் சின்னதா வெச்சுத்தான் கட்டுவான். நண்டுதான் ஏறும்."

"அப்புறம் எதுக்குய்யா உனக்கு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"உசுரோட இருந்தப்போ தொட விட்டானா?"

போட்டிக்கு ஆள் சேர்ந்தது. கண்ணெதிரே இல்லாத பொருளுக்கு விலை ஏறிக்கொண்டே போயிற்று. மாத்லெனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை. கடைசியில் வில்ஃபிரட் பேரிலேயே முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பணத்தை மேசையில் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கேப்ரியல் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது மழை பிடித்திருந்தது. கிடங்கு தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தான். உள்ளே விளக்கு இல்லை, ஆள் இல்லை. பூட்டிய கம்பிக் கதவை ஒட்டி வில்ஃபிரட்டின் வண்டி பின்பக்கமாக நிறுத்தப்பட்டிருந்தது. பின்பலகையை இறக்கிவிட்டு, அதன் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தட்டுமா அண்ணி?"

"வேண்டாம். போ."

அவள் திரும்பிப் பார்த்தாள். வில்ஃபிரட் நகர்ந்து ஓரமாக உட்கார்ந்து, கூண்டுகளை ஏற்ற இடம் விட்டுக்கொண்டிருந்தார்.