நாலாம் தொட்டி

பட்டினி கிடக்க வேண்டிய மீன்களுக்கு நான் பதினெட்டு நாள் தீனி போட்டுவிட்டேன். மிளகைவிடச் சின்ன உருண்டைகள். கோட்டுப் பைக்குள் கொஞ்சம் போட்டுக்கொண்டு, கண்ணாடி துடைக்கிற சாக்கில் நாலாம் தொட்டியில் ஒரு சிட்டிகை. போகப்போகச் சிட்டிகை பிடியானது. அந்தப் பிடியில் ஒரு பெண்ணின் ஆராய்ச்சி கவிழ்ந்தது.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்த ஆய்வுக்கூடத்தில் தொட்டி கழுவுகிற வேலை எனக்கு. அங்கே என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தவை மீன்கள் மட்டும்தான். அதிலும் நாலாம் தொட்டியில் வால் கிழிந்த திலேப்பியா ஒன்று, கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எல்லா மீனும் அதைத்தான் செய்யும் என்று தெரியும். இருந்தாலும் இது என்னைப் பார்த்துச் செய்கிற மாதிரி இருக்கும்.

ஆராய்ச்சி செய்தவரை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவேன். பட்டம் அப்போது வந்திருக்கவில்லை. "இப்பவே கூப்பிட்டு ராசி இல்லாம பண்ணிடாதீங்கண்ணே" என்பார். என் வாய் ராசியில் குறையில்லை. கை ராசிதான்.

ஒருநாள் மீன் தலையை அறுத்து, மூளைக்கு அடியில் கடுகு மாதிரி ஒன்றைக் காட்டினார்.

"இந்தச் சுரப்பிதாண்ணே வளர்ச்சி ஹார்மோனை விடுது. ஆனா இது மட்டும் போதாது. இது உத்தரவு போட்டா, கல்லீரல் ஐ.ஜி.எஃப்னு இன்னொண்ணைச் செஞ்சு எலும்புக்கும் சதைக்கும் அனுப்பும். அப்பதான் மீன் நல்லா வளரும்."

"உத்தரவு மேல, வேலை கீழ. நம்ம ஆபீஸேதான்."

"அதேதான். ஐ.ஜி.எஃப் போதுமான அளவு சேந்ததும், அதுவே மேல போயி 'போதும் சார்'னு சொல்லும். சுரப்பி அடங்கிடும்."

"பட்டினி போட்டா?"

"கல்லீரல் உத்தரவைக் காதுலயே வாங்காது. வீட்டுல ஒண்ணும் இல்லாதப்ப யாரு விருந்து வைப்பா? போதும்னு சொல்ல ஆளில்லாம சுரப்பி கத்திக்கிட்டே கெடக்கும். ரத்தத்துல ஹார்மோன் ஏறும், ஐ.ஜி.எஃப் எறங்கும். இந்த மாசக் கடைசிக்குள்ள இதைக் காட்டிட்டா, வெளிநாட்டுல ஒரு பெரிய கூடத்துல எனக்கு இடம் இருக்குண்ணே."

எல்லாம் புரிந்தது. பலமாகத் தலையாட்டினேன். மறுநாள் பட்டினி ஆரம்பமானது; காலையிலேயே கை தானாகப் பைக்குள் போனது. பட்டினி கிடக்கிற மூன்று தொட்டியில் ஒன்று மட்டும் தின்றால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன்.

முழுகியது. ஐந்தாம், ஆறாம் தொட்டி மீன்கள் அவர் சொன்னபடியே நடந்துகொண்டன. நாலாம் தொட்டியில் சுரப்பி அமைதியாக இருந்தது. கல்லீரல் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி மும்முரமாக இருந்தது. டாக்டரம்மா முதலில் ரத்தத்தை அளக்கிற மருந்தைச் சந்தேகப்பட்டார். பிறகு கருவியை. ஒன்பது நாள் திரும்பத் திரும்ப அளந்துவிட்டுக் கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கூடத்தில் கண்ணாடிகள் அவ்வளவு பளபளப்பாக என்றைக்கும் இருந்ததில்லை.

பத்தாம் நாள் அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. "எனக்கு இந்த வேலை வராது போலப்பா. ஒழுங்கா அளக்கக்கூடத் தெரியல."

அதற்கு மேல் தாங்கவில்லை. அவர் மேசைமேல் கோட்டுப் பையை உதறினேன். நாலைந்து உருண்டை விழுந்து உருண்டன.

"நான்தான் டாக்டரம்மா."

உருண்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதல்ல போயி கையக் கழுவிட்டு வாங்க" என்றார். மாசக் கடைசி முந்தின நாளே போய்விட்டிருந்தது. அந்த இடத்துக்கு வேறு யாரோ போனார்கள்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கடைக்குப் போனா பாதி சாமானை மறந்துட்டு வர்ற மனுஷன், இதை மட்டும் பதினெட்டு நாளும் மறக்கலியே!"

டாக்டரம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்று காலை ஊசியும் நூலுமாக வந்து, "கோட்டைக் கழட்டுங்கண்ணே" என்றார். இரண்டு பைகளையும் வாய் மூடித் தைத்துக் கொடுத்தார். பதினெட்டு நாளும் நாலாம் தொட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். இரண்டு முறை வாளியில் இடறி விழுந்தேன். இந்த முறை கணக்குச் சரியாக வந்தது. பட்டினி முடிந்து தீனி போட்டதும் கல்லீரல் மறுபடி உத்தரவைக் கேட்க ஆரம்பித்ததையும் பார்த்து எழுதினார். அது அவருடைய ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் ஆனது. என் தப்பு இல்லாவிட்டால் அந்த அத்தியாயம் ஏது என்று என்னையே தேற்றிக்கொள்வேன்.

அவர் இங்கேயே இருந்தார். பட்டம் வாங்கினார், கூடத்துக்கே தலைவரானார். எனக்குப் புதுக் கோட் வரும்போதெல்லாம் ஊசியோடு அவரே வந்துவிடுவார். மூன்று கோட் மாறிவிட்டது. பேனாவைக் காதில் செருகிப் பழகிவிட்டேன்.

வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பேன்: "அன்னிக்கு நான் தீனி போடலேன்னா, நீங்க போயிருப்பீங்களா?"

"ரெண்டாம் தொட்டில காத்து வரல, பாருங்க" என்பார். இன்னொரு வருடம், "உங்க பொண்ணு பரீட்சை என்னாச்சு?" ஒருமுறை பதிலுக்கு டீ வந்தது.

நேற்றோடு என் வேலை முடிந்தது. மத்தியானம் கோட்டை ஒப்படைக்கப் போனேன். டாக்டரம்மா நாலாம் தொட்டி அருகே நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடி, காதோரம் நரை. தொட்டியில் வேறு மீன்கள், அதே வாய்.

கடைசியாகக் கேட்டேன்.

"ரெண்டாம் தொட்டில..." என்று ஆரம்பித்தார்.

"காத்து நல்லா வருது, பாத்துட்டுதான் வரேன். என் பொண்ணு பரீட்சை எழுதி, கல்யாணமாகி, அவ புள்ள இப்ப பரீட்சை எழுதுறான். சொல்லுங்க."

சிரித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதில் வரலன்னா கத்திக்கிட்டேதான் இருப்பீங்க, இல்ல?"

"நான் கடுகளவு ஆள்தானே."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போயிருப்பேண்ணே. பெட்டிகூட வாங்கி வெச்சிருந்தேன். அந்த மூணாம் அத்தியாயத்தை அங்க போயும் எழுதியிருப்பேன், அது உங்களாலன்னு நெனச்சுக்காதீங்க. மொத கோட்டைக் கோவத்துலதான் தைச்சேன். ரெண்டாவதையும் கோவத்துலதான். மூணாவதைத் தைக்கிறப்ப கோவம் இல்ல. போதுமா?"