பின்னால் நிற்க ஒருத்தி

வாப்பாவின் உடலைச் சுற்றிய வெள்ளைக் கஃபன் துணியில், கால்மாட்டில் கடைசி முடிச்சைப் போடும்போதே அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டான்.

"ஜமாஅத் தொழுகைக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு. பள்ளிவாசலுக்குப் போகவே பத்து நிமிஷம். தூக்கிடலாமா?"

அறை வாசலில் நின்றிருந்த தங்கைக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. விடியற்காலையில் சுபுஹுத் தொழுகைக்கு முன் வாப்பா கைகால் முகம் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவள், அவருடைய சில்லிட்ட கையைத் தொட்டதும் சொம்பைக் கீழே போட்டாள். அதிலிருந்து வீட்டில் கால் வைக்க இடமில்லை. படியேறி வந்த அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "முதல் வரிசைக்காரர். ஒரு ஜமாஅத் தவறவிட்டதில்லை. இப்படியொரு மனுஷனை எங்கே பாக்கறது?"

எங்கே பார்ப்பதா? இந்த வீட்டில், இந்தக் கட்டிலில் பதினோரு வாரமாகக் கிடந்தாரே, வந்து பார்த்திருக்கலாமே!

வாப்பா பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் அந்த உத்தியோகத்தைப் பள்ளிவாசலில் தொடர்ந்தார், யாரும் கேட்காமலே. வரிசையில் ஒருவரை மூன்று நாள் காணோம் என்றால் நாலாம் நாள் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். "காய்ச்சலா, சண்டையா, சோம்பலா?" காய்ச்சல் என்றால் மருந்துக்கடைக்கு இவரே நடப்பார். சண்டை என்றால் உட்கார்ந்து கேட்பார். சோம்பல் என்று உண்மையைச் சொன்னவனைக் கையோடு இழுத்துக்கொண்டு போவார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஆஜர் பாய் என்று பெயர். தூரத்தில் அவர் தொப்பி தெரிந்தாலே சந்துக்குள் நுழைந்துவிடுகிறவர்களும் உண்டு.

குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தபோது, முதல் வாரம் தினமும் தாடியைச் சீவிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அவள் கொதித்தாள். "விடும்மா, அவங்கவங்களுக்கு வேலை இருக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் யாருக்கும் அவர் அந்தச் சலுகையைக் கொடுத்ததில்லை.

இப்போது சைக்கிள் கடைக்காரர் அவள் பக்கமாக வந்தார். வாப்பாவின் வலது தோளை ஒட்டி வருஷக்கணக்கில் நின்று தொழுதவர். கண் சிவந்திருந்தது.

"பாய்க்கு எப்பலேர்ந்தும்மா முடியல? பேரப்பிள்ளைங்களோட இருக்க உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டார்னுல்ல நெனச்சேன்."

"எழுபத்தேழு நாள் மாமா. நீங்க மூணு நாள் வரலேன்னா நாலாவது நாள் உங்க வாசல்ல நின்னாரே. உங்க கால்ல என்ன ஆணியா அடிச்சிருந்தாங்க?"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிள் கடைக்காரர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"வாப்பா மையத்தை வச்சிக்கிட்டு என்ன பேச்சு இது? உள்ள போ" என்றான் அண்ணன்.

உள்ளே போய் என்ன செய்ய? உள்ளே அவளுடைய மேசை இருக்கிறது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. காதில் ஹெட்போன் மாட்டினால் இடி விழுந்தாலும் கேட்காது. பள்ளிக்குப் போக முடியாத வாப்பா அவளைத்தான் ஜமாஅத் ஆக்கிக்கொண்டிருந்தார். "தனியா தொழுதா ஒரு நன்மை, சேர்ந்து தொழுதா இருபத்தேழு. ரெண்டு பேர் இருந்தா போதும், நீ பின்னால வந்து நில்லு." நாளுக்கு ஐந்து தடவை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொழவைப்பார், அவள் பின்னால் நிற்பாள், மனசு முடிக்காத கோப்பில் இருக்கும். சில நாள் வாய்விட்டே சலித்துக்கொண்டாள்.

நேற்றுப் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் கூப்பிட்டார். "அஞ்சு நிமிஷம் வாப்பா" என்றாள். எழுந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர் தனியாகத் தொழுது முடித்திருந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று அவள்தான் கோபப்பட்டாள்.

"பொறுத்துப் பாத்தேம்மா" என்றார், அவ்வளவுதான். மாலை மஃரிபுக்கும் இரவு இஷாவுக்கும் அவர் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் வீம்புக்கு உட்கார்ந்திருந்தாள்.

மையத்தைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணே, நாங்க பொம்பளைங்க வாப்பாவுக்கு ஒரு தடவை தொழுதுட்டுத் தர்றோம்."

"பள்ளியில முந்நூறு பேர் தொழப் போறாங்க. இதுல நீ வேறயா? நேரம் இல்ல."

"முந்நூறு பேர் தொழட்டும். நான் அவர் பின்னால நிக்கணும்."

"வேணும்னா பள்ளியில தொழவைக்கிற ஹஜ்ரத்துக்கு போன் பண்ணி ஜமாஅத்தை அஞ்சு நிமிஷம் தள்ளச் சொல்லலாம்" என்றார் யாரோ.

"ஆஜர் பாய்க்காகவா? எந்திரிச்சு உக்காந்து திட்டுவாரு" என்றார் இன்னொருவர். நாலைந்து பேர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அதுவே ஆத்திரமாகவும் இருந்தது.

மாடியில் குடியிருக்கும், மார்க்கம் படித்த ஆலிமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "பொம்பளைங்க தொழறதுக்குத் தடையில்ல. நேரம் மட்டும்தான் பிரச்சினைன்னா பேச்சை நிறுத்துங்க. நீ ஓடிப் போய் ஒளு செஞ்சிட்டு வா."

அண்ணன் மறுபடி கடிகாரம் கட்டிய கையைத் தூக்கினான். சைக்கிள் கடைக்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

"தொழட்டும் தம்பி. நேரத்துக்குக் கொண்டு சேக்கறது என் பொறுப்பு. ஓட்டமா தூக்கிட்டுப் போறோம்."

ஆண்கள் வெளியேறினார்கள். யாரோ கூடத்தின் நீளத்துக்குப் பாய் விரித்தார்கள். முகம் கழுவிய ஈரத்தோடு அவள் வந்தாள். ஆலிமா வரிசையின் நடுவில் நின்றுகொண்டு அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஒன்பது பெண்கள், தோளோடு தோள். முன்னால் வாப்பா.

ஆலிமா "அல்லாஹு அக்பர்" என்று முதல் தக்பீர் சொன்னதும் அவள் கையைக் கட்டிக்கொண்டாள். ஓதினாள். இன்று ஒரு எழுத்தும் தப்பவில்லை. கோப்பு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரண்டாவது தக்பீர். மூன்றாவது. இந்தத் தொழுகையில் குனிவது இல்லை, தலையைத் தரையில் வைப்பது இல்லை, உட்காருவதும் இல்லை. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நாலாவது தக்பீருக்குப் பிறகு, தொழுகையை முடிக்கும் ஸலாம் கேட்டபோது அவளால் நம்ப முடியவில்லை.

"அவ்வளவுதானா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

"அவ்வளவுதாம்மா" என்றார் ஆலிமா.

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஆண்கள் உள்ளே வந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் வலது முன்பக்கத்தில் தோள் கொடுத்தார். கலிமா சொல்லும் குரல்கள் படியிறங்கி, வேகமாகத் தெருவில் தேய்ந்தன. பெண்கள் கலைந்து ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். பாதியில் பாய் சிக்கி நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். இவள் இன்னும் அதே இடத்தில், கையைக் கட்டியபடி, இருபுறமும் ஆள் இருப்பதுபோலத் தோளை ஒடுக்கி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சுருட்டிய பாயை ஓசைப்படாமல் பழையபடி விரித்துவிட்டுப் போனாள்.