தரை தொடாத கொல்லை

இலங்கையில் மடுல்சீமைக்கு மேலே குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில், 1896ஆம் வருடம், லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த மக்கள் போட்ட மரக்கறிக் கொல்லை தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. கீழே தூண் இல்லை, மேலே கயிறு இல்லை. அந்த வருடம் பதுளையில் அரிசி விலை ஏறியிருந்தபடியால் சனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கொல்லையைப் பற்றிப் பேசியவர்களும் போஞ்சி நன்றாகக் காய்த்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அது அங்கே போய் நின்றதற்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் வாய்தான் காரணம். கொழுந்தெடுக்கும் இராக்கம்மா, புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, பூவம்மா என்ற ஒரே மகளோடு மேல் லயத்தில் இருந்தவள், ஒருநாள் காலை ஆளெண்ணும் பெரட்டில் வரிசையை விட்டு முன்னே வந்து இரண்டு காரியம் கேட்டாள். பிள்ளைகளின் குழம்பில் போட நாலு காய் வைக்க லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அவர்கள் உட்கார்ந்து படிக்கக் கொஞ்சம் நிழல். தோட்டத்து மண்ணில் ஒரு சாண்கூடத் தேயிலை தவிர வேறொன்றுக்கும் இல்லை என்றார் துரை. பெரிய கங்காணி அழகர் அதைத் தமிழில் சொல்லும்போது தன் பங்குக்கு இரண்டு ஏச்சும் சேர்த்துக்கொண்டார். "அப்ப மண்ணத் தொடாம வச்சுக்கிறோமுங்க" என்றாள் இராக்கம்மா. துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையைத் தொடாதவரை என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு மேல் லயமும் கீழ் லயமும் கூடிச் சாக்குகளைக் கோத்துப் பெரிய விரிப்பாக்கின. மழைக்குக் கானில், அந்த வடிகாலில், சேர்ந்திருந்த வண்டலைக் கொழுந்துக் கூடைகளில் அள்ளி வந்து அதில் கொட்ட, பெரட்டுக் களத்தின் ஓரத்தில் எல்லோரும் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். எங்கே இறக்குவது என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான், வேலையை முடித்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள். கை கடுக்க ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். கடைசிக் கையும் விலகிய பிறகு கொல்லை அப்படியே நின்றது. துரை வரவழைத்த நில அளவைக்காரர் வந்து சங்கிலி போட்டுப் பார்த்து, தோட்டத்து நிலம் எதுவும் எடுபடவில்லை என்றார். துரை சொன்ன சொல் மாறாத மனுஷர், அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் கொல்லை தரையைத் தொடுகிற அன்றைக்கே அதைப் பிடுங்கிவிட்டு இராக்கம்மாவையும் மகளையும் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் குதிரை ஏறினார்.

கொல்லையின் நிழலில் பள்ளிக்கூடம் நடந்தது. பதுளைக் கடைத்தெருவில் விதையும் மண்வெட்டியும் விற்ற கதிர்காமநாதன், செய்தி கேட்டு, பசறைவரை மாட்டுவண்டியிலும் அப்புறம் நடையுமாக ஒரு சுமை சிலேட்டுகளோடு வந்து சேர்ந்தார். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வந்து அவரே எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளின் தலைக்கு மேல் வேர்கள் தொங்கின. பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்த பிள்ளை எழுந்து நின்று கையை நீட்டி ஒரு முள்ளங்கியைக் கீழிருந்தே இழுத்துக்கொள்ளலாம். மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே சிலேட்டில் சொட்டி எழுத்து அழிந்துபோகும், மறுபடி எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகளுடைய கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்ததற்கு அதுதான் காரணம். அந்த ஈர மண் வாசனையும் முள்ளங்கிக் காரமும் இன்னும் மறக்கவில்லை.

கொல்லைக்கு ஒரு குணம் இருந்தது. மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் குடம் பிடிக்கிற இடத்தில் இரண்டு லயமும் சண்டை போட்டால் அன்று அது ஒரு சாண் இறங்கிவிடும். இராக்கம்மா அதற்கு ஒரு வழி கண்டாள். பெரட்டுக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் வந்து உள்ளங்கையை ஒரு நொடி கொல்லைக்கு அடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வராத வீட்டு வாசலில் போய் நின்று, "ஒங்க வீட்டுக் கை எங்க?" என்று கேட்பாள். அவளிடம் வேறு அதிகாரம் எதுவும் இருக்கவில்லை, வாய்தான் இருந்தது. ஆனால் அந்த வாய்க்குப் பயந்து புதுமாப்பிள்ளைகூட எழுந்து வந்தான்.

கெடுதல் நல்லெண்ணத்தில்தான் வந்தது. தோட்டத்தில் எது விளைந்தாலும் முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு என்பது வழக்கம். இரண்டாம் வருடம் பொங்கலுக்கு, அதை இராக்கம்மாவுக்கே செய்ய வேண்டும் என்று லயங்கள் முடிவு கட்டின. கதிர்காமநாதன் பூரித்துப்போய்ப் பதுளையிலிருந்து பட்டுச் சால்வையும் கைவைத்த நாற்காலியும் கொண்டுவந்து, அவளை உட்கார வைத்து, தலைவி என்று அறிவித்தார். அழகர் கங்காணி கோபத்தில் அன்று பொங்கலே சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு லயத்தார் இராக்கம்மாவைக் குடம் தூக்கவிடவில்லை, வாசல் வாசலாக அலையவும் விடவில்லை. "தலைவி இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க" என்று கை வைக்க வருவதையும் விட்டுவிட்டார்கள். மாசியில் கதிர்காமநாதனின் தலைப்பாகை வேரில் சிக்கியது. பங்குனியில் பிள்ளைகள் தவழ்ந்துதான் உள்ளே போனார்கள். லயத்தார் பதறி இன்னும் இரண்டு மாலை வாங்கிப் போட்டார்கள். இறங்குகிற கொல்லைக்கு மாலை போட்டு நிமிர்த்தப் பார்த்தவர்கள் உலகத்தில் எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும்.

துரை பார்வையிட வருவதாகச் சொன்ன அன்று விடியும்போது, கொல்லை முழங்கால் உயரத்தில் கிடந்தது. இராக்கம்மா அதற்கடியில் மண்டியிட்டு, முதுகாலும் இரண்டு கையாலும் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூவம்மா அழுதுகொண்டு நின்றாள். முதலில் வந்தவர் அழகர் கங்காணி.

"என்னம்மா, தலைவி மண்ணு சொமக்கிறாங்களா? நாக்காலி என்னாச்சு?"

"மரியாத எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க கங்காணி. இப்ப ஒரு கை குடுங்க."

கங்காணி கெட்டவர்தான், ஆனால் வாய்விட்டுக் கேட்டவளை விட்டுப்போன மனுஷர் இல்லை. தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டுக் குனிந்து கை கொடுத்தார். கொல்லை ஒரு சாண் எழும்பியது. பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்ததும் மற்றவர்கள் வந்து, கங்காணியே குனிந்து நிற்பதைக் கண்டு வெட்கப்பட்டு ஓடிவந்தார்கள். துரை வருவது தெரிந்து முந்தின இரவே வந்திருந்த கதிர்காமநாதன் அழுதேவிட்டார். "எல்லாம் என்னாலதாம்மா" என்றார். "இருக்கட்டும் மொதலாளி, மொதல்ல கைய வைங்க" என்றாள் இராக்கம்மா. கொல்லை பழைய உயரத்துக்கு எழும்பி, எல்லோரும் கையை எடுத்து விலகிய பிறகு துரை வந்து, பிரம்பைக் கொல்லைக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டிப் பார்த்தார். பிரம்பில் எதுவும் தட்டவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

பிறகு வருடங்கள் ஓடின. மூன்று துரைமார் மாறினார்கள். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்து, எப்படி என்று இராக்கம்மாவிடம் கேட்டுப் போனார்கள். சில தோட்டங்களில் எழும்பியது, சிலவற்றில் எழும்பவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பூவம்மா அங்கேயே படிப்பித்தாள். ஊரெல்லாம் காய்ச்சல் அடித்த 1919இல் இராக்கம்மா போய்ச் சேர்ந்தாள். பாடையைக் கொல்லைக்குக் கீழே கொஞ்ச நேரம் இறக்கி வைத்தார்கள். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது ஓர் இம்மியும் இறங்கவில்லை. பூவம்மாவுக்குத் தாங்கவில்லை. "எங்கம்மாவுக்காக ஒரு வெரக்கட எறங்கக் கூடாதா?" என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். கொஞ்சம் இறங்கியிருந்தால் எல்லோருக்கும் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் அவள் முகம் வீங்கிப்போய்க் களத்துக்கு வந்தபோது எல்லோரும் கை வைத்து முடித்திருந்தார்கள். கீழ் லயத்துப் பெரியாயி, பீலியடியில் இராக்கம்மாவோடு வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவள், அவளைத் தடுத்தாள். "ஒங்க வீட்டுக் கைய நான் வச்சிட்டேன்டி. நீ போயி ரெண்டு வாய் சாப்புடு." பூவம்மா போய்ச் சாப்பிட்டாள். வெயில் ஏறியபோது பிள்ளைகள் வந்து கொல்லைக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.