ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால்

...மறுபடியும் வந்துவிட்டது, தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் சின்னையன் என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்தைப் பார்த்தபடி கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான், ஒரு நிமிடம் இருக்குமா, ஒரு நிமிடம் மவுஸ் அசையவில்லை என்றால் போதும் இந்தக் கணினிக்கு, ஆள் எழுந்து போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும், விண்ணப்பம் மறையும், திரை கறுக்கும், ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி கிளம்பி உள்ளே வளைந்து வெளியே வளைந்து ஓர் இதழ் போடும், தள்ளி இன்னொன்று... இங்கேதானே இருக்கிறேன், என்று கவிப்பிரியா மனத்துக்குள் அதனிடம் சொன்னாள். சுவரில் மணி நாலு பத்து. ஐந்து மணிக்கு அந்த இணையப் பக்கம் மூடிவிடும், பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர்களுக்கு இன்றுதான் கடைசி நாள், இந்த வாரம் மட்டும் ஒன்பது பேருக்கு அவள் கையாலேயே நிரப்பி அனுப்பியிருக்கிறாள், பெயர், பிறந்த தேதி, பழைய பதிவெண், நிற்காமல் ஓடிய விரல்கள், தன் பெயர் என்றால் மட்டும் ஏன் இப்படி மரத்துப் போகின்றன? ஜெராக்ஸ் கடைக்காரர் சேகர் அண்ணன் டோனர் வாங்க மத்தியானமே மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கியிருந்தார். வேறு யாரும் இல்லை. ஒண்டிக்கடை முக்கில் பனி இறங்கி எதிர்வரிசைக் கடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன, பக்கத்துக் கடைப் பையன் வைத்துவிட்டுப் போன டீ இன்னும் ஆவி விட்டது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, அவளுக்கே தெரியும்.

முதலில் இந்த ஒரு நிமிடத்தைப் பதினைந்து நிமிடமாக மாற்றிவிடலாம், பிறகு நிம்மதியாக நிரப்பலாம், என்று நினைத்துத்தான் ஸ்கிரீன் சேவர் அமைப்புகளைத் திறந்தாள். பதினான்கு மாதமாக இந்தக் கோடுகளைப் பார்க்கிறாள், உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. சின்னப் பெட்டி ஒன்று வந்தது, வெளி வட்டம் நூறு, உள் வட்டம் முப்பத்தைந்து, பேனாத் தூரம் நாற்பத்தொன்று. அட, இது அந்தத் தகடுதானே, படகுத் துறைக்கு எதிரே சுற்றுலாக்காரர்களுக்கு விற்பார்களே, பல் வைத்த பிளாஸ்டிக் வளையம், அதற்குள் உருளும் பல் வைத்த சின்னச் சக்கரம், சக்கரத்தின் ஓட்டையில் பேனாவை விட்டுச் சுற்றினால் பூ வரும். ஏழாவது படிக்கும்போது அப்பா வாங்கித் தந்தது. எந்தச் சக்கரம் எத்தனை சுற்றில் தொடங்கின இடத்துக்கு வந்து சேரும் என்று தனி நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தாள், யாருக்கும் காட்டியதில்லை, யாரிடம் காட்டுவது? நூறுக்கும் முப்பத்தைந்துக்கும் பொதுவாக ஐந்து, அப்படியானால் இருபது இதழ், ஏழு சுற்று. இருபது. சேலத்திலிருந்து மலை ஏறுகிற பாதைக்கு இருபது வளைவு. அதற்காகவா ஒருவர் இப்படி வைப்பார்? நூறுக்கு முப்பத்தைந்து என்றால் பாஸ் மார்க் அல்லவா... இது ஆண்டனி ராஜ் வைத்ததாக இருக்கும், அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், திருப்பூருக்குப் போய்விட்டான், அவள் பார்த்தது இல்லை. அவனும் ஃபெயிலாகி வந்து உட்கார்ந்தவன்தானோ என்னவோ.

முப்பத்தைந்தை முப்பத்தாறு ஆக்கினாள், இருபத்தைந்து இதழ், கொஞ்சம் நெருக்கமாக. ஐம்பது என்றாள், நீள முட்டை ஒன்று மட்டும் வந்து அசையாமல் நின்றது, அசையாமல் இல்லை, பேனா அதே கோட்டின்மேல் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டுதான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு நின்றுவிட்டதுபோல் இருக்கும், அவ்வளவுதான்... அந்த நினைப்பு பிடிக்கவில்லை, உடனே மாற்றினாள், முப்பத்தேழு. இதற்கும் நூறுக்கும் பொதுவாக எதுவுமே கிடையாது, நூறு இதழும் போட்டு முடிக்க முப்பத்தேழு சுற்றுப் போக வேண்டும். புள்ளி கிளம்பியது. மெல்லிய கோடு, அதன் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கோடு, தொட்டும் தொடாமலும், பச்சை நீலமாகி நீலம் ஊதாவாகி, எந்த எண்ணைப் போட்டாலும் நடுவில் மட்டும் ஒரு வட்டம் கறுப்பாகவே மிச்சம் இருந்தது, பேனா அதன் விளிம்பு வரை வரும், உள்ளே வராது, திரும்பிவிடும். அந்தக் கறுப்பில் அவள் முகம் தெரிந்தது. கண்ணாடியில் தெரிகிற முகம் இல்லை, கண் இருக்கிற இடத்தில் இருட்டு, நெற்றி மட்டும் கொஞ்சம் வெளிச்சம். பேனாத் தூரத்தைச் சரியாக வைத்தால் கோடு நடுப்புள்ளி வழியாகவே போகும், கணக்கு தெரியும் அவளுக்கு, நூறில் முப்பத்தேழு போனால் அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று என்று போட்டால் போதும், முகத்தின் குறுக்கே நூறு கோடு... போடவில்லை. எத்தனையாவது சுற்று இது, எட்டா, ஒன்பதா, மேலே ஃபேன் ஓடாமலே கிர்ரென்று ஒரு சத்தம், பனிக்கு அப்படித்தான் காது அடைக்கும்...

"ஏன் சாமி, உள்ள ஆளு இருக்கறியா இல்லையா? எத்தன வாட்டி கூப்புடறது?"

மேசைக்கு அந்தப்பக்கம் பொன்னாயி நின்றுகொண்டிருந்தாள், கொட்டச்சேடு ஊர்க்காரி, பென்ஷன் விஷயமாக மாதம் ஒருமுறை எதையாவது ஜெராக்ஸ் எடுக்க வருகிறவள், தலையில் போட்டிருந்த துண்டு பனியில் நனைந்திருந்தது. கண்ணைத் தொறந்துட்டே தூங்கற புள்ளைய இப்பத்தான் பாக்கறேன் என்றாள், எட்டித் திரையைப் பார்த்து, "என்னத்த இது, பொட்டிக்குள்ள ஆரோ முறுக்கு சுத்தறாங்க? சுத்தட்டும் சுத்தட்டும், எனக்கு நாலு எடுத்து வெய்யி. பல்லுதான் இல்ல" என்று தானே சிரித்தாள். கவிப்பிரியா எழுந்து ரேஷன் கார்டை வாங்கி மெஷினில் வைத்தாள், கால் மரத்திருந்தது, தட்டில் விழுந்த தாள்களை அப்படியே எடுத்து நீட்டினாள். "ரெண்டுதான சாமி சொன்னேன், மூணு வந்துருக்குதே. ஒண்ணு உங்கூட்டுக்கா?" அடியில் கிடந்த தாளைப் பொன்னாயி திருப்பிக் கொடுத்தாள், ஏதாவது பழைய பிரிண்டாக இருக்கும், கவிப்பிரியா பார்க்காமலே கழிவுத் தாள்மேல் கவிழ்த்துப் போட்டாள். "நீ எத்தனாவது படிக்கற?" பத்தாவதுங்க, என்றாள், சொன்ன பிறகுதான் அது பொய்யா என்று யோசித்தாள். பொன்னாயி போன பிறகு பார்த்தால் மணி நாலு முப்பத்தைந்து. டீயில் ஏடு படிந்து சில்லென்று இருந்தது. எட்டோ ஒன்பதோ சுற்றுத்தானே பார்த்தாள், ஐந்து நிமிடம்கூட இருக்காதே.

இப்படித்தான், அன்றைக்கும் இப்படித்தான்... கணக்குப் பரீட்சை, கணக்குக்கு அவள் பயந்ததே இல்லை, கேள்வித்தாளை வாங்கினாள், முதல் பக்கத்தில் பதிவெண் எழுதினாள், மேலே ஃபேன் கிர்ரென்று சுற்றியது, ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள், பார்வையை இறக்கினால் மணி அடிக்கிறது, மேற்பார்வை சார் தாளைக் கையிலிருந்து இழுக்கிறார். நடுவில் மூன்று மணி நேரம் கிடையாது. ஒன்றுமே எழுதவில்லையே என்று கரடியூர் பஸ்ஸில் ஏறி அழுதபோது அதே ஹாலில் எழுதிய கீர்த்திகா சொன்னாள், "ஏன்டி பொய் சொல்ற? நிமிராமதான எழுதுன. எக்ஸ்ட்ரா ஷீட்டே மூணு வாங்குன." அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது. மூன்று தாள். எழுதியது யார்? என்ன எழுதியது? கணக்கில் பதினொன்று வந்தது, மற்றதில் எல்லாம் பாஸ். அந்தத் தாள்கள் முழுக்க வட்டங்கள்தான், வட்டத்துக்குள் வட்டம்தான், அவளுக்குச் சந்தேகமே இல்லை, திருத்தினவர் சிரித்திருப்பார், பக்கத்து ஆளிடம் காட்டியிருப்பார். அம்மா சேர்வராயன் கோயிலில் வேண்டி மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டாள். "உடு கண்ணு, பெயிலானா என்ன, காப்பிக்காட்டுக்கு ஆளு வேண்டாமா" என்றார் அப்பா. அவள் யாரிடமும் சொல்லவில்லை, பயம் ஃபெயிலுக்கு இல்லை. மறுபடியும் ஒரு ஹாலில் போய் உட்கார்ந்தால், ஃபேன் சுற்றினால், அது வரும். ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் வரும்.

பனிக்குள்ளிருந்து பைக் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் சேகர் அண்ணன் வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றியபடியே, "ஏங்கண்ணு, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது? டீயும் அப்படியே இருக்குது" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தவள் வேறு ஏதோ கேட்டாள். "ஏனுங்கண்ணா, இந்த ஸ்கிரீன் சேவரு ஆண்டனி ராஜ் வெச்சதுங்களா?"

"அவனா? அவன் போயி ஆறு மாசம் கழிச்சுத்தான இந்தக் கம்ப்யூட்டரே வாங்குனேன். நீதான கண்ணு வெச்ச, வந்த மொத வாரம். கடை சாத்தலாம் வான்னு கூப்புட்டாக்கூடத் திரும்பல, நம்பர மாத்தி மாத்திப் போட்டுட்டே இருந்த. நொம்ப நல்லாத்தான் இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்." டோனர் டப்பாவோடு உள்ளறைக்குப் போய்விட்டார், விளையாடுகிறாரா, விளையாட்டாகப் பேசுகிற ஆள்தான், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லையே. மவுஸை அசைத்தாள், வளைகோடுகள் கலைந்தன, பின்னால் பாதி நிரப்பிய விண்ணப்பம் இருக்க வேண்டும், இல்லை, அந்தத் தளத்தின் முதல் பக்கம் இருந்தது, யாரோ வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்ததுபோல் சுத்தமாக. நாலு நாற்பத்தெட்டு. போய்விட்டது, எல்லாம் மறுபடி தட்ட வேண்டும், பதிவெண் வேண்டுமே, பையிலிருந்து நோட்டை எடுத்து அட்டைக்குள் செருகியிருந்த பழைய ஹால் டிக்கெட்டை உருவினாள், ஏழு இலக்க எண், கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்று.

நூறு, முப்பத்தைந்து, நாற்பத்தொன்று, அந்தப் பெட்டியில் இருந்த பேனாத் தூரம். அவள் கை தானாகவே கழிவுத் தாள்மேல் போயிற்று. பொன்னாயி கொடுத்த மூன்றாவது தாளைத் திருப்பும் முன்பே தெரிந்துவிட்டதுபோல் இருந்தது, திருப்பினாள், விண்ணப்பம் பெறப்பட்டது, பெயர் சி. கவிப்பிரியா, தகப்பனார் சின்னையன், பாடம் கணிதம், எண் அதே எண், ஓர் எழுத்துகூடப் பிழையில்லை, அவள் தட்டினால் பாதியில் எங்காவது ஒரு பிழை வந்திருக்கும். நேரம் நாலு இருபத்தாறு. நாலு இருபத்தாறுக்கு அவள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே விண்ணப்பதாரர் கையொப்பம் என்ற இடம் மட்டும் காலி, அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு நாளைக்குள் பள்ளியில் சேர்க்க வேண்டும், ஒன்பது பேருக்கும் அவளே சொல்லி அனுப்பிய வார்த்தை. கிழித்துப் போடலாம். கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது, அதற்குத் தெரியும். எல்லாம் செய்தது இதை மட்டும் ஏன் விட்டு வைத்தது, கையெழுத்து வராமலா, இல்லை, இது நீ போட வேண்டியது என்றா? பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், கழற்றுகிற விரல் தன்னுடையதுதான், அதில் சந்தேகம் இல்லை, அதுவரைக்கும் நல்லது. பக்கத்தில் திரை கறுத்தது, ஒரு நிமிடம் ஆகிவிட்டிருந்தது, பச்சைப் புள்ளி கிளம்புவது கடைக்கண்ணில் தெரிந்தது, அவள் திரும்பவில்லை, முதல் எழுத்தைப் போட்டாள், அன்றைக்கு அந்த மூன்று தாளிலும் இருந்தது வட்டங்கள்தான் என்று சொன்னது யார், கீர்த்திகா சொல்லவில்லை, சார் சொல்லவில்லை, அவளாகத்தானே சொல்லிக்கொண்டாள், அவள் அதைப் பார்க்கவே இல்லையே, வெறும் வட்டங்கள் என்றால் அந்தப் பதினொன்று எதற்குக் கொடுத்திருப்பார்கள்...