கயிற்றை விடாத கமிட்டி

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. தேசியக் கயிறு இழுத்தல் கமிட்டியின் தலைவர் என் மாமா. "கமிட்டிக்கு ஒரு வரலாறு வேணும்டா. நீ சும்மாதானே இருக்க, எழுது" என்றார். செயலாளர் அவர் மனைவி, என் அத்தை. "எழுது. ஆனா உங்க மாமாவைப் பத்தி ரொம்ப அளக்காதே" என்றார்.

2.
முதல் தொடக்கம்: வீரம் செறிந்த இம்மண்ணில் கயிறு என்பது வெறும் கயிறல்ல, அது

(அடித்துவிட்டேன். கயிறு வெறும் கயிறுதான்.)

இரண்டாம் தொடக்கம்: நிறுவியவர்கள் எழுதிவைத்தது இரண்டே விதிகள். தகராறு வந்தால் பேசக் கூடாது, கயிறு இழுத்துத் தீர்க்க வேண்டும். தீர்மானம் என்றால், அணியில் விளையாடுபவர்களைத் தவிர அறையில் இருக்கும் யாரும் கை தூக்கலாம். (முதல் கூட்டத்தில் ஆள் போதாமல், டீ கொண்டுவந்தவரையும் சேர்த்துக்கொண்டார்களாம்.)

மற்ற கமிட்டிகள் கோர்ட்டுக்குப் போகும். இவர்கள் மேசையைச் சுவரோரம் தள்ளுவார்கள். மொசைக் தரையில் இரண்டு பக்கமும் குதிகால் பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்கிறது. கமிட்டியின் வரலாறே அந்த இரண்டு குழிகள்தான். (இந்த வரி எனக்கே பிடித்துப்போனது. இருக்கட்டும்.)

3.
இன்றைய தகராறு: பெண்கள் அணியோடு உலகப் போட்டிக்கு மேலாளராகப் போவது மாமாவா, அத்தையா? உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து காலையிலேயே கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். நடுவில் கட்டிய சிவப்புத் துணி அசையவே இல்லை.

"விட்டுடு. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது."

"உங்க இடுப்பைப் பாத்துக்கோங்க."

கதவருகே பெட்டியோடு நின்ற அணித் தலைவி பொறுத்துப் பார்த்தாள். "சார், மேடம், யார் வேணா வாங்க, வராட்டியும் பரவாயில்ல. எங்களை அனுப்பலாம்னு இன்னைக்குத் தீர்மானம் போடலேன்னா போட்டியிலேர்ந்து எங்க பேரையே எடுத்துருவாங்க. நாலு வருஷமா இழுத்தோம், சார்."

அவள் குரல் உடைந்தது.

"தூக்குறேன்மா. முதல்ல அவ விடட்டும்."

"அவர் விடட்டும், ரெண்டு கையும் தூக்குறேன்."

4.
முடிவு அ: கயிறு அறுகிறது. (மலிவு. தவிர, அது நல்ல கயிறு.)

முடிவு ஆ: மாமா விட்டுக்கொடுக்கிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு இ: அத்தை (வேண்டாம். எனக்குச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.)

முடிவு ஈ: வரலாறு எழுத வந்த நானே எழுந்து, கை தூ

"டேய், இந்தப் பக்கம் வந்து பிடி!" இரண்டு பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். யாரைப் பகைத்துக்கொள்வது? நடுவில் போய்ச் சிவப்புத் துணியைப் பிடித்தேன். இனி விட்டால் இருவருக்கும் நான் துரோகி. (பிறகு இதை எந்தக் கையால் எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள்.)

5.
ஆக, இங்கே காலியாக இருப்பது உங்கள் கை மட்டும்தான். முதல் பத்தியிலிருந்தே நீங்கள் இந்த அறையில் இருக்கிறீர்கள், மறுக்க முடியாது. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அணியை அனுப்பலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

(இன்னும் கொஞ்சம் மேலே. மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியாது.)