மூலைத் தொட்டி

தலைமாட்டில் அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியில். சுவரோரம் அத்தை, காலை நீட்டியபடி. ஜன்னலுக்குக் கீழே எதிர்வீட்டுத் தையல்காரர். வாசலில் அண்ணன், வண்டிக்காரனோடு போனில். நடுவே அப்பா. அவள் மட்டும் எங்கும் உட்காரவில்லை.

"உட்காரேண்டி. காலுல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் அத்தை.

"தம்பிக்கு எழுதணும்மா." அவன் போன் நம்பரை மாற்றிவிட்டான், விலாசம் மட்டும்தான் அவளிடம் இருந்தது.

"நான் செத்தாலும் அவனுக்குச் சொல்லாதேன்னவரு இங்கதான் படுத்திருக்காரு. அவர் முன்னாடியே கேக்கிறியா?" அம்மா நிமிரவில்லை.

மாடிக்குப் போனாள். மல்லிகை பறிப்பாரில்லாமல் மலர்ந்து கிடந்தது. அப்பா நோயில் படுத்ததிலிருந்து யாரும் கிள்ளாததால் திருநீற்றுப்பச்சிலை எல்லாம் கதிர் விட்டிருந்தது. பூக்க விட்டால் இலை கசக்கும் என்பது அப்பாவின் சட்டம். 'பூத்துட்டுப் போகட்டுமே, தேனீ வரும்' என்று தம்பி சொன்னதில் தொடங்கிய சண்டைதான், எங்கெங்கோ போய், அவன் பெட்டியோடு படியிறங்கியதில் முடிந்தது.

கை சும்மா இருக்க மறுத்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள். கடைசியாக, தண்ணீர் டாங்குக்குப் பின்னால் மூலையில் இருந்த தொட்டியையும் மொட்டையடித்தாள்.

கீழே வந்ததும் அம்மாவுக்கு வாசனை தெரிந்துவிட்டது.

"கிள்ளினியா?"

"ம்."

"மூலைத் தொட்டிய?"

"எல்லாத்தையும்தான்."

அம்மா எழுந்துவிட்டாள். "அத யாருடி தொடச் சொன்னா? என்னையே கிட்ட விடமாட்டாரே. அது பாட்டுக்குப் பூக்கட்டும்பாரு, அவன் வந்தா..." மீதியை முந்தானைக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அத்தை காலை மடக்கிக்கொண்டாள்.

வண்டி வந்து, அப்பா போனார். அவள் மாடிக்கு ஓடினாள். கிள்ளிப் போட்ட குவியலைக் காற்று கலைத்திருந்தது. மற்றவை இப்போது விட்ட கதிர்கள், பச்சை. மூலைத் தொட்டியுடையது மட்டும் பழுத்துக் காய்ந்த பழுப்பு. மண்டியிட்டுப் பொறுக்கினாள். உள்ளங்கையில் கசக்கியபோது கறுப்பு விதைகள் கொஞ்சம் உதிர்ந்தன.

சமையலறை மேடையில் வைத்து எழுதினாள்: 'அப்பா இன்று காலை இறந்துவிட்டார். மூலைத் தொட்டியைப் பூக்க விட்டிருந்தார். தெரியாமல் நான்தான் கிள்ளிவிட்டேன்.'

பின்னால் வந்து நின்ற அம்மா கடிதத்தைப் படிக்கவில்லை.

"விலாசத்த புரியற மாதிரி எழுது. உன் கோழிக் கிறுக்கல் எவனுக்கும் புரியாது."

விதைகளைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்து, உறையை ஒட்டினாள். தெருமுனைத் தபால் பெட்டிக்குள் அது விழுந்தபோது, லேசாகச் சலசலத்தது.